கடைசிப் பெயர்: அக்கா

சிஸ்டம் ஓட ஆரம்பித்த வெள்ளிக்கிழமை காலை, கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, கேட் வாசலில் பூசணிக்காய் உடைத்து, உடைத்ததைச் சாக்கடையோரம் தள்ளிவிட்டு அவரவர் மிஷினுக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில், மூன்றாவது லைனில் தைத்துக்கொண்டிருந்த ஒருத்தியின் ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கியது. வெள்ளைமயில் நிட்வேர் கம்பெனியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று விரலை வாயில் வைத்துக்கொண்டோம்.

கட்டிங் மாஸ்டர் காதர் பாய் கத்தியை மேஜையில் போட்டுவிட்டு விரலைச் சப்பினார். அயர்னிங் மேஜைக்காரர்கள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சப்பினார்கள். துணிக்கட்டு ஏற்றிக்கொண்டு அவினாசி ரோட்டில் வந்துகொண்டிருந்த டிரைவர் வேனை ஓரங்கட்டிச் சப்பினார். வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓனர் ஈஸ்வரமூர்த்தி அண்ணனும் சப்பினார். சிஸ்டத்தில் இல்லாத அவர் வீட்டம்மா, ‘சட்னி அத்தனை நல்லாவா இருக்குது?’ என்று கேட்டு இன்னொரு கரண்டி ஊற்றினாராம்.

நான் செக்கிங்கில் இருக்கிறவள். பிசிறு, ஓட்டை, எண்ணெய்க்கறை, கோணல் தையல் என்று குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆகவே இந்த விஷயத்தையும் வெளிச்சத்தில் பிடித்து, உள்பக்கம் திருப்பி, நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு நாடு. நூல் குடோனுக்கு ஒரு கணக்கு, சாயத்துக்குப் போன துணிக்கு ஒரு கணக்கு, கட்டிங்குக்கு காதர் பாய் காதில் செருகியிருக்கும் பென்சில், பேக்கிங்குக்குச் சுவரில் கிறுக்கிய எண்கள். கப்பலேற வேண்டிய பெட்டியில் சிவப்பு பனியன் குறைகிறது என்று பேக்கிங்கில் அழுதுகொண்டிருக்கும்போது அதே சிவப்பு பனியன் மாடியில் மூட்டையாகத் தூங்கிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் ஒன்றாகக் கோர்த்துத் தருகிறேன் என்று பெங்களூரிலிருந்து வந்தார் நிரஞ்சன். சட்டைக் கை மடிக்காத, வெயிலில் வேர்க்காத சாப்ட்வேர்காரர். எங்களையெல்லாம் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, ‘இனி ஒரு இடத்துல ஏத்தினா போதும், எல்லா இடத்துலயும் தெரியும். யாரும் யாருக்கும் தனியா சொல்ல வேண்டியதில்லை’ என்றார். கை தட்டினோம். அவர் சொன்னது அப்படியே நடந்தது, அவ்வளவுதான்.

எப்படி நடந்தது என்பதற்கு ஒரு சின்னக் காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்களின் பெயரைச் சிஸ்டத்தில் ஏற்றியவள் ஆபீஸில் இருக்கும் பிரியா. அந்தச் சிஸ்டம் எந்த ஊர்க்காரன் செய்ததோ, பெயருக்குப் பின்னால் கட்டாயம் இன்னொரு பெயர் வேண்டும் என்று அடம் பிடித்தது. நமக்கேது கடைசிப் பெயர்? இனிஷியல் போட்டாள், ஒற்றை எழுத்து செல்லாது என்றது. அப்பா பெயரைப் போடலாமென்றால் பாதிப் பேருக்கு அப்பா பெயரைச் சொல்லப் பிடிக்கவில்லை. லைன் சூப்பர்வைசர் சாந்தாமணி பக்கத்தில் நின்று, தான் கூப்பிடுகிறபடியே ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனாள்: ருக்மணி அக்கா, மயிலாத்தா அக்கா, குழந்தைவேலு அண்ணன், காதர் பாய். பிரியாவும் சொன்னதைச் சொன்னபடி அடித்தாள். முதல் பெயர் ருக்மணி, கடைசிப் பெயர் அக்கா. முதல் பெயர் குழந்தைவேலு, கடைசிப் பெயர் அண்ணன். பாய் என்றாலும் அண்ணன்தானே. ஓனரையும் நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம், ஆகவே அவரும் அந்தக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தார். சிஸ்டத்துக்குச் சந்தேகமும் கிடையாது, கிண்டலும் புரியாது. இத்தனை அக்காவும் இத்தனை அண்ணனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று நம்பிவிட்டது.

முதல் வாரம் எல்லோருக்கும் கொஞ்சம் திண்டாட்டம். அப்புறம் பழகிக்கொண்டோம். காதர் பாய் இரண்டு வருஷமாகக் கிராம்பு வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் எங்கள் எல்லோர் வாயிலும் குத்தியதால், பேக்கிங் பெண்கள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஓனர் நேரத்துக்குச் சாப்பிடாமல் டீயாகக் குடித்துத் தள்ளுகிறவர். பதினோரு மணியானால் எல்லோர் வயிறும் எரியும், யாராவது ஒருத்தி ஆபீஸ் கதவைத் தள்ளி, ‘அண்ணா, எங்களுக்கு நெஞ்செரிச்சல் தாங்கலீங்க, ஒரு வாய் மோர் குடிங்க’ என்று சத்தம் போடுவாள். அவரும் குடிப்பார். அயர்னிங் சூடு அவர் தோளில் ஏறியதும் அயர்னிங்குக்குப் பெரிய ஃபேன் வந்தது. எங்கள் இடுப்பு வலி அவர் இடுப்பில் இறங்கியதும் முக்காலிகள் போய் முதுகு சாயும் நாற்காலிகள் வந்தன.

பாத்ரூம் போக டோக்கன் என்று ஒன்று இருந்தது. லைனுக்கு ஒரு டோக்கன்; ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். அத்தனை பேர் அடக்கிக்கொண்டிருந்ததும் ஓனர் அடிவயிற்றில் வந்து நின்ற அன்று, அவர் கால் மாற்றிக் கால் வைத்து நின்று பார்த்துவிட்டு, லைன் லைனாக ஓடிவந்து டோக்கன்களைத் தன் கையாலேயே பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்து, ‘போங்க, எல்லாரும் போங்க, மொதல்ல போயிட்டு வாங்க’ என்று கும்பிட்டார். மாதா மாதம் வரும் வயிற்று வலியைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் இத்தனை பேர் இருக்கும் இடத்தில் ஆண்களுக்கு அது ஏறக்குறைய தினமும் இருந்தது. அயர்னிங்கில் அடித்துக்கொண்டிருந்த ஆபாச ஜோக்குகள் அத்தோடு நின்றன, வெந்நீர்ப் பை ஒன்று வந்து மேஜைக்கடியில் தொங்கியது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் மிஷின்கள் ஓட ஆரம்பித்த நேரத்தில், எங்கள் எல்லோர் வயிற்றுக்குள்ளும் யாரோ உதைத்தார்கள். சின்னக் கால், நிச்சயமாகக் கால்தான். பிள்ளை பெற்றவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. பெறாதவர்களும் ஆண்களும் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசி லைனில் தேனிப் பக்கத்திலிருந்து வந்த பஞ்சவர்ணம் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல், துப்பட்டாவை இழுத்து முன்பக்கம் விட்டுக்கொண்டு குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஏன் மறைத்தாள் என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் ஊர் வார்த்தை ஒன்றைச் சொல்ல வேண்டும். ‘நின்னுக்கோ.’ வேலையை விட்டு அனுப்புகிறோம் என்று யாரும் சொல்வதில்லை, கடிதம் கொடுப்பதில்லை, திட்டுவதுகூட இல்லை. வயிறு வெளியே தெரிந்தால் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, ‘திங்கக்கிழமையிலிருந்து நின்னுக்கோ கண்ணு’ என்பார்கள், அவ்வளவு அன்பாக. பஞ்சவர்ணத்தைக் கட்டிக்கொண்டவன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். சொந்தபந்தம் என்று சொல்லிக்கொள்ள இங்கே ஒருவரும் இல்லை. நின்றுகொண்டால் அவள் போய்ச் சேர வேண்டிய இடம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஜன்னலில்லாத ஓர் அறை.

ஓனருக்கு அன்றைக்கே வேர்த்துவிட்டது. மோசமான மனிதர் இல்லை, ஆனால் பயந்த மனிதர். ஊசி குத்தினாலே உட்கார்ந்துவிடுகிறவருக்குப் பிரசவ வலி என்றால் எப்படியிருக்கும்? நிரஞ்சனுக்குப் போன் போட்டார். நிரஞ்சன் வந்தார்.

ஆபீஸ் கதவு திறந்தேதான் இருந்தது, நாங்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தோம். ‘இத்தனை பேர் இருக்கறோமுங்க, வலி பங்கு பிரிஞ்சு கொஞ்சங் கொஞ்சமா வருமல்லோ?’ என்று கேட்டார் ஓனர். ‘இல்ல சார், சிஸ்டம் எதையும் பங்கு போடாது. ஒரு இடத்துல இருக்கிறது எல்லா இடத்துலயும் முழுசா தெரியும். அதுதானே அதோட பெருமையே’ என்றார் நிரஞ்சன். அப்படியானால் அந்தக் கடைசிப் பெயர்களை மாற்றிவிடலாமே என்றார் ஓனர். பெயர்களைப் பூட்டியாகிவிட்டது, ஓடுகிற சிஸ்டத்தில் பூட்டைத் திறக்கவே முடியாது என்றார் நிரஞ்சன். சரி, என்னையாவது அதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று ஓனர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுக்கிற ஆளே நீங்கள்தான், உங்களை எடுத்தால் கம்பெனியே நின்றுவிடும் என்றார் நிரஞ்சன். ‘ஒண்ணு செய்யலாம் சார். அந்தப் பெண்ணை மட்டும் நிறுத்தி வைக்கலாம். ஒரு கிளிக்தான். அப்புறம் அவங்க வலி அவங்களுக்கு மட்டும்.’

பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமைகூட இல்லை, புதன்கிழமை. ஓனர் அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, ‘நின்னுக்கோ கண்ணு. பொறந்தப்புறம் வா, நான் இல்லைங்கல’ என்றார்.

பஞ்சவர்ணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ‘போன தடவையும் இதே ஊருலதாண்ணே, வேற கம்பெனி. நின்னுக்கன்னாங்க, நின்னுக்கிட்டேன். லைன் வீட்ல ஒத்தையில கெடந்தப்ப வலி வந்துருச்சு. கத்துனேன். பக்கத்து ரூம்ல டீவி ஓடுது, எதுத்தாப்புல மோட்டார் ஓடுது. தொண்டத்தண்ணி வத்த கத்துனேண்ணே, ஒருத்தருக்கும் கேக்கல. பிள்ள தங்கல.’ மூச்சு வாங்கிக்கொண்டாள். ‘இந்தத் தடவ கேக்கட்டும். எல்லாருக்கும் கேக்கட்டும். நான் நிக்க மாட்டேன்.’

எங்கள் கம்பெனியில், ஏன், எங்கள் ஊரிலேயே அந்த வார்த்தைக்கு அப்படியொரு பதிலை நான் கேட்டதில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்னுடைய சிலிர்ப்பா அவளுடையதா என்று சொல்லத் தெரியவில்லை.

‘மேடம், நீங்க போடுங்க’ என்றார் நிரஞ்சன் பிரியாவிடம். ஆளை நிறுத்துவதை ஆபீஸில் ஒருவர் போட வேண்டும், ஓனர் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுதான் முறை. பிரியா கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ‘நான் போட மாட்டனுங்க. வேணும்னா என்னையும் சேத்து நிறுத்திக்குங்க.’

சாந்தாமணி மெயின் ஸ்விட்சை இறக்கினாள். மிஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கியபோது, இவ்வளவு சத்தத்துக்குள்ளா இத்தனை நாள் இருந்தோம் என்று எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. லைன் லைனாக எழுந்து வந்து ஆபீஸ் வாசலில் நின்றோம். அப்போது குழந்தைவேலு, அயர்னிங்கில் இருக்கும் ஆறடி மனிதர், கையைத் தூக்கி, ‘எனக்குப் பயமா இருக்குதுங்க்கா. பொய் சொல்ல மாட்டன், நெசமாலுமே பயமா இருக்குது’ என்றார்.

‘பயமாத்தான் சாமி இருக்கும்’ என்றாள் சாந்தாமணி. ‘எனக்கு மூணு தடவ வந்துது. எங்கூட்டுக்காரரு வெளிய பீடி குடிச்சிட்டு நின்னாரு. ஒரு தடவயாவது கூட வர்றதுக்கு ஆளிருந்தா எப்படி இருக்கும்னு பாத்தர்லாம்.’

ஓனர் எழுந்து தானே மவுஸைப் பிடித்தார். பிரியா போடாவிட்டால் அவரே போட்டு அவரே ஒப்புக்கொள்ளலாம், அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. பிடித்த கை அங்கேயே நின்றது. பஞ்சவர்ணம் தொண்டையில் அடக்கிவைத்திருந்த அழுகை அவர் தொண்டையிலும் அடைத்துக்கொண்டு நின்றது, எங்கள் தொண்டையிலும்தான். ‘போயித் தைங்க’ என்றார்.

நிரஞ்சனுக்குக் கோபம். லேப்டாப்பை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ‘அனுபவிங்க சார்’ என்று கிளம்பினார். ஆனால் கேட் திறக்க வெளியே போகும் பாஸ் வேண்டும், பாஸுக்குப் பெயர் வேண்டும், பெயருக்குக் கடைசிப் பெயர் வேண்டும். அவரே வைத்த சட்டம். கேட்டைத் திறக்க முடியாமல் ஆபீஸுக்குத் திரும்பி வந்தவரிடம் பிரியா மரியாதையாக, ‘இருங்க தம்பி, ஏத்தீறேன்’ என்றாள். முதல் பெயர் நிரஞ்சன். கடைசிப் பெயர் தம்பி.

அடுத்த வாரங்களில் எங்கள் கம்பெனி முழுக்க மாசமாக இருந்தது. சாயங்காலமானால் எல்லோருக்கும் கால் வீங்கியது. புளிப்பு மாங்காய் கேட்டில் வந்து இறங்கியது, ஓனர் ஆர்டர். வளைகாப்பு போட அவளுக்கு ஆளில்லை என்பதால் நாங்களே போட்டோம்; வலிக்கப்போவது எல்லோருக்கும் என்பதால் வளையலும் எல்லோருக்கும் போட்டோம். குழந்தைவேலு மணிக்கட்டில் ஏறுகிற அளவு கிடைக்காமல் கடை கடையாக அலைந்து வாங்கினார்கள். காதர் பாய் பச்சை வளையல் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓனர் வெள்ளைச் சட்டைக் கைக்குள் வளையலைத் தள்ளி மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் வீட்டம்மா அதைக் கண்டுபிடித்து, கதை முழுக்கக் கேட்டுவிட்டு, ரொம்ப நேரம் சிரித்தாராம். ‘நான் ரெண்டு பெத்தப்பவும் நீங்க கோயமுத்தூர்ல சரக்கு வாங்கற பையரோட சாப்டுட்டு இருந்தீங்க. சாமி இருக்குதுங்க’ என்றாராம். சாந்தாமணி சாப்பாட்டு இடைவேளையில் ஆண்களை வரிசையாக உட்கார வைத்து மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தாள். சரக்குக் கேட்டு அவசரப்படுத்திய பையரிடம் ஓனர் போனில், ‘அந்த வாரம் ஆகாதுங்க. எங்க கம்பெனிக்குப் பிரசவம்’ என்று சொல்லிவிட்டு வைத்தார். அதைச் சொன்னபோது அவர் தலை நிமிர்ந்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில் முதல் வலி வந்தது. டிரைவர் பஞ்சவர்ணத்தை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், வலி வரும்போதெல்லாம் இரண்டு பேருமாக வண்டியை நிறுத்தி, விட்டதும் ஓட்டி. இங்கே நாங்கள் மிஷின்களை நிறுத்திவிட்டுத் தரையில் துணி ரோல்களைப் பிரித்து விரித்தோம். ஏற்றுமதிக்கு வைத்திருந்த நல்ல மெத்து மெத்தென்ற துணி. அதன்மேல் வரிசையாகப் படுத்தோம்.

வலியைப் பற்றி என்ன சொல்ல? முழுதாக வந்தது. இடுப்பைப் பிடித்து முறுக்கி, விட்டு, மூச்சு வாங்கவிட்டு, மறுபடி பிடித்தது. காதர் பாய் ‘யா அல்லா’ என்று கட்டிங் மேஜைக் காலைக் கட்டிக்கொண்டார். குழந்தைவேலு போட்டிருந்த வளையல்கள் எல்லாம் உடைந்தன. சாந்தாமணி தன் வலியோடு தவழ்ந்து தவழ்ந்து ஒவ்வொருவரிடமாகப் போய், ‘மூச்சு விடுங்க சாமி, இன்னும் கொஞ்சம், விடுங்க’ என்று முதுகைத் தடவினாள். ஓனர் ஆபீஸ் தரையில் கிடந்தார்.

மதியத்துக்கு மேல் வலி உச்சத்தில் இருக்கும்போது பெங்களூரிலிருந்து போன் வந்தது. நிரஞ்சன் தம்பி. கண்ணாடிச் சுவர் வைத்த மீட்டிங் அறையில் பெரிய பெரிய ஆட்களுக்கு முன்னால் விழுந்து உருண்டு, அங்கிருந்து எப்படியோ ஊர்ந்து தன் மேஜைக்குப் போயிருக்கிறார். திறக்கவே முடியாது என்று அவர் சொன்ன பூட்டு, அவருக்கு வலி வந்த அன்றைக்கே திறந்துகொண்டுவிட்டது. ‘சார், எல்லாரோட லாஸ்ட் நேமையும் எடுத்துடலாம் சார், ஒப்புதல் மட்டும் குடுங்க, ப்ளீஸ் சார்’ என்று அழுதார். ஓனர் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் வந்து நின்றது. குடும்பத் தொடர்பை நீக்கவா? ஆம். இல்லை.

ஓனர் மேஜையைப் பிடித்து எழுந்து முட்டிபோட்டார். ஆம் என்பதை அமுக்கினால் அந்த நிமிஷமே எங்கள் எல்லோருக்கும் வலி விட்டுவிடும், ஆஸ்பத்திரி பெஞ்சில் கிடக்கும் ஒருத்திக்கு மட்டும் இருக்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு, உள்ளதைச் சொல்கிறேன், அமுக்கினால் தேவலை என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்போதுதான் குழந்தைவேலு, பயமாக இருக்கிறது என்று கையைத் தூக்கிய அதே குழந்தைவேலு, ரத்தம் கசியும் மணிக்கட்டோடு ஆபீஸ் வாசலுக்கு உருண்டு வந்து, ‘அமுக்கீராதீங்கண்ணா’ என்று கத்தினார். ‘ஒத்தையில உட்றாதீங்கண்ணா!’

‘ஆருடா உடறது’ என்றார் ஓனர். இல்லை என்பதை அமுக்கினார். அமுக்கிய கையாலேயே கம்ப்யூட்டர் திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு மறுபடி தரையில் விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் பஞ்சவர்ணத்தை ஒரு நர்ஸம்மா, ‘கத்தாதே, நீ ஒருத்திதான் பெக்கறியா?’ என்று அதட்டினாராம். வராந்தாவில் விழுந்து கிடந்த டிரைவர் அதைக் கேட்டுவிட்டு, ‘நாங்க எல்லாரும் பெக்கறமுங்க!’ என்று அங்கிருந்தே கத்தினாராம். கடைசி வலி வந்தபோது அவளும் கத்தினாள், நாங்களும் கத்தினோம். தகரக் கூரை அதிர்ந்தது. பெருமாநல்லூர் ரோட்டில் போன பஸ் நின்றது, பக்கத்துக் கம்பெனி ஆட்கள் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்தார்கள், டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். அப்புறம் சட்டென்று வலி விட்டது. அவ்வளவு லேசாக நாங்கள் ஒருநாளும் இருந்ததில்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக வந்து துணிமேல் விழுந்து கிடந்தது. பிரியாவின் போன் அடித்தது, டிரைவர் நம்பர். அவள் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தாள். முதலில் குழந்தையின் அழுகை வந்தது, நல்ல கனத்த குரல். அதன் பின்னால் பஞ்சவர்ணம், சத்தமே இல்லாத தொண்டையில், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

‘கேட்டுச்சா?’

ஓனர் ஆபீஸ் வாசல் வரைக்கும் தவழ்ந்து வந்து, போனை நோக்கிக் குனிந்து, கரகரவென்று சொன்னார்.

‘கேட்டுச்சு கண்ணு. எல்லாருக்கும் கேட்டுச்சு.’